கடலுக்குள் என்ன கேபிள் போடலாம்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் கடலடி இன்டர்நெட் கேபிள் பற்றி ஒருவர் கேட்டதற்கு நாலே வரியில் பதில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தால், பாதிப் பேர் கடற்கரையிலும் மீதிப் பேர் கிணற்றடியிலும் கையில் பைபர் கேபிள் சுருளோடு காத்திருக்கிறார்கள் போலிருக்கிறது. சரி, இந்த முறை எல்லாமே தண்ணீருக்குள் போகும் பைபர், அதாவது தகவலை வெளிச்சமாகக் கொண்டுபோகிற கண்ணாடி இழை, பற்றிய கேள்விகள்தான்.

மண்டபத்தில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து கூண்டு போட்டுக் கடல் விரால் வளர்க்கிறோம். கரையிலிருந்து கூண்டு 350 மீட்டர் தூரம், ஆழம் ஆறு மீட்டர். இரண்டு கேமரா வைத்து மீன் இரை எடுப்பதைக் கரையிலிருந்தே பார்க்க ஆசை. மதுரையில் ஒரு கடையில் 'ஆர்மர்டு, வாட்டர்ப்ரூஃப்' என்று சொல்லி ஒரு பைபர் கேபிளைக் காட்டினார்கள். வாங்கலாமா?
– மீன் வளர்ப்பவர், மண்டபம்

வாங்குவதற்கு முன் கடைக்காரரிடம் ஒரு முழம் துண்டு கேட்டு வாங்கி வந்து, பிளேடால் நீளவாக்கில் கீறிப் பாருங்கள். கருப்புத் தோலுக்கு அடியில் மடிப்பு மடிப்பாக, தகர டப்பா கனத்தில் ஒரு இரும்புத் தகடு சுற்றியிருந்தால், அதற்குள் பிசுபிசுவென்று ஜெல்லும் வண்ண வண்ணக் குழாய்களும் இருந்தால், அது ரோட்டோரம் பள்ளம் தோண்டிப் புதைக்கிற கேபிள். அந்தத் தகடு முக்கியமாக எலிப் பல்லுக்காகப் போட்டது. கடலில் எலி இல்லை. கல் இருக்கிறது, நங்கூரம் இருக்கிறது, ஓயாமல் ஆட்டிக்கொண்டே இருக்கிற அலை இருக்கிறது. தோலில் எங்காவது ஒரு கீறல் விழுந்தால் உப்புத் தண்ணீர் உள்ளே போய் அந்தத் தகட்டை அரிக்க ஆரம்பித்துவிடும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. கடைக்காரர் பொய் சொல்லவில்லை, அவர் நினைத்த தண்ணீர் மழைத் தண்ணீர்.

ஒரு விஷயத்தை முதலில் மனதில் இருத்திக்கொள்ளுங்கள். உங்கள் ஆழத்துக்குத் தண்ணீரின் அழுத்தம் ஒரு பிரச்சினையே இல்லை. பத்து மீட்டர் இறங்கினால் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும், ஆறு மீட்டருக்கு அதில் பாதியும் கொஞ்சமும். கார் டயரில் அடிக்கிற காற்றில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. தலைமுடி கனமுள்ள அந்தக் கண்ணாடி இழை இதற்கெல்லாம் அசையாது. வெளிச்சம் குறைந்துபோகுமோ என்ற பயமும் வேண்டாம், சாதாரண சிங்கிள் மோட் பைபரில் ஒரு கிலோமீட்டருக்கே 0.35 டெசிபல்தான் இழப்பு, உங்கள் 350 மீட்டரில் அது கணக்கிலேயே வராது. கேபிள் போவது உரசலால், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மடங்குவதால், இழுபடுவதால், அப்புறம் இரண்டு முனைகளையும் சரியாக அடைக்காததால். கேபிளைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த நாலையும்தான் கேட்க வேண்டும்.

உங்கள் பாதையை மூன்று துண்டாகப் பிரித்துப் பாருங்கள். அலை உடைகிற இடம், கடல் தரை, தரையிலிருந்து கூண்டுக்கு ஏறுகிற இடம். கடைசி ஐந்தாறு மீட்டர்தான் எமன். கூண்டு இரவும் பகலும் ஆடும், கச்சான் காற்றுக் காலத்தில் சுற்றியும் வரும், கேபிளும் அதோடு சேர்ந்து ஆடும். அங்கே இரும்புக் கம்பி சுற்றிய விறைப்பான கேபிள் போட்டால், கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடிப்போமே, அந்தக் கதைதான் நடக்கும். அங்கே வேண்டியது வளைந்து கொடுக்கிற கேபிள். ராணுவத்தார் தரையில் உருட்டிப் போட்டு, வண்டி ஏற்றி, மறுபடி சுருட்டி எடுத்துப் போகிறார்களே, 'டாக்டிகல் கேபிள்' என்று கேட்டால் கிடைக்கும். ஒவ்வோர் இழையும் இறுக்கமான உறைக்குள் இருக்கும், சுற்றிலும் மஞ்சளாக அராமிட் நூல், அதாவது கெவ்லர், வெளியே பாலியூரித்தேன் தோல்.

இந்தத் தோல் விஷயத்தில் ஒரு பெரிய குழி இருக்கிறது. பாலியூரித்தேனில் பாலிஎஸ்டர் வகை, பாலிஈதர் வகை என்று இரண்டு உண்டு. கையில் தொட்டால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், ஆனால் பாலிஎஸ்டர் வகை வெதுவெதுப்பான தண்ணீரிலேயே கிடந்தால் நாளடைவில் மெல்ல மெல்லச் சிதைந்து, வெடித்து, உதிர ஆரம்பிக்கும். நம் கடல் வெதுவெதுப்புக்குக் கேட்கவே வேண்டாம். பாலிஈதர் என்று எழுத்தில் வாங்குங்கள். கட்டடத்துக்குள் போடுகிற, தீப்பிடித்தால் புகை குறைவாக வருகிற வகைத் தோலைத் தலையில் கட்டப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அது தண்ணீரை உறிஞ்சும்.

நானாக இருந்தால் கரையிலிருந்து கூண்டு வரை நடுவில் ஒட்டுப் போடாமல் ஒரே நீளமாக அந்த டாக்டிகல் கேபிளை வாங்குவேன். நாலு இழை உள்ளது, இரண்டு வேலைக்கு, இரண்டு கையிருப்பு. கடல் தரையில் போகிற பகுதியைத் தோட்டத்துக்குப் போடுகிற கருப்பு எச்டிபிஇ பிளாஸ்டிக் ஓஸுக்குள் நுழைத்துவிடுவேன். கரையில் வைத்தே கயிறு கட்டி இழுத்து நுழைத்துக்கொள்ளலாம். ஓஸுக்குள் தண்ணீர் நிரம்ப விடுங்கள், காற்று இருந்தால் மிதக்கும். நிரம்பினாலும் அது லேசுதான், எச்டிபிஇ தண்ணீரைவிட அடர்த்தி குறைந்தது, அதனால் இரண்டு மூன்று மீட்டருக்கு ஒன்றாகச் சிமென்ட் கட்டை கட்டுங்கள். எடை இல்லாத கேபிள் தரையில் படுக்காது, ஒவ்வோர் அலைக்கும் அரை அடி போய் வரும், பாறை விளிம்பில் ஒரு வருஷம் அப்படி ரம்பம் போட்டால் எந்தத் தோலும் தாங்காது. அலை உடைகிற இடத்தில் ஓஸை மணலுக்குள் எவ்வளவு ஆழமாகப் புதைக்க முடியுமோ அவ்வளவு புதையுங்கள், மழைக்காலத்தில் மணல் எத்தனை அடி அரித்துப்போகும் என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டு அதற்கும் கீழே.

தரையிலிருந்து ஏறுகிற இடத்தில் விறைப்பாகக் கட்டாமல், தூக்கத்தில் புரண்ட பாம்பு மாதிரி ஒரு வளைவு தளர்வாக விடுங்கள். நடுவில் ஒரு சின்ன மிதவை, கீழே ஒரு எடை. ஓஸிலிருந்து கேபிள் வெளியே வருகிற வாயில் கூம்பு மாதிரி ஒல்லியாகிக்கொண்டே போகிற ரப்பர் ஒன்றை மாட்டினால் வளைவு ஒரே புள்ளியில் விழாது. கேபிள் விட்டத்தைப்போல் இருபது மடங்குக்குக் குறைவான ஆரத்தில் எங்கும் வளைக்காதீர்கள். இழுவிசையைக் கூண்டுச் சட்டத்தில் அராமிட் நூலைக் கட்டி வாங்கிக்கொள்ள வேண்டும், கண்ணாடி இழை எதையும் இழுக்கக் கூடாது. ஈரமும் இழுவிசையும் சேர்ந்தால் கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கூட நாள்பட வளரும்.

கேமராவுக்கு மின்சாரம் கரையிலிருந்து வேண்டாம். கூண்டு மேலேயே ஒரு சோலார் தகடும் பேட்டரியும் வைத்துவிடுங்கள். மன்னார் வளைகுடாப் பக்கமாகப் பாதை போகிறதென்றால் பவளப் பாரின் மேல் ஒரு கட்டைகூட வைக்காதீர்கள், அது தேசியப் பூங்கா பகுதியா என்று வனத்துறையிடம் முதலில் கேட்டுக்கொண்டு பிறகு இறங்குங்கள்.

கனெக்டரில் 'ஐபி68' என்று போட்டிருக்கிறது. அப்படியானால் நிரந்தரமாகத் தண்ணீருக்குள் விடலாம்தானே?
– மின்பணியாளர், கடலூர்

விடக் கூடாது. ஐபி என்பது தூசையும் தண்ணீரையும் எவ்வளவு தடுக்கும் என்று சொல்கிற தர எண். ஐபி67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம். ஐபி68 அதைவிடக் கடுமை, ஆனால் எத்தனை மீட்டர், எத்தனை மணி நேரம் என்பதைத் தயாரிப்பாளரே சொல்ல வேண்டும், சிலர் அதைப் பெட்டியில் பொடி எழுத்தில் அச்சடித்திருப்பார்கள், சிலர் அச்சடிக்கவே மாட்டார்கள். சோதிப்பது நல்ல தண்ணீரில், அசையாமல் வைத்து. உப்பு, வெயில், அலை, கேபிளைப் பிடித்து யாராவது இழுப்பது, இதெல்லாம் அந்த இரண்டு எண்ணுக்குள் அடங்காது. தண்ணீருக்குள்ளேயே மாட்டிக் கழற்றுகிற கனெக்டர்கள் எண்ணெய்க் கிணற்றுக்காரர்களிடம் இருக்கின்றன, அதன் விலையைக் கேட்டால் உங்கள் திட்டத்தையே மாற்றிவிடுவீர்கள். கனெக்டரைத் தண்ணீருக்கு மேலே வையுங்கள்.

சார், நாங்கள் கல்லூரியில் அணைச் சுவரின் அடிப்பகுதியைப் படம் எடுக்க ஒரு சின்ன நீர்மூழ்கி ரோபோ செய்கிறோம். பேட்டரி உள்ளேயே இருக்கிறது. 150 மீட்டர் கேபிள் வேண்டும். பைபர் போடலாம் என்கிறேன், நண்பர்கள் செப்புக் கம்பியே போதும் என்கிறார்கள்.
– பொறியியல் மாணவி, நாகர்கோவில்

நண்பர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறதம்மா. ஈதர்நெட்டை அப்படியே அனுப்பினால் செம்பில் 100 மீட்டர்தான் கணக்கு, ஆனால் வீட்டு மின்கம்பியிலேயே இன்டர்நெட் அனுப்புகிற மோடம் பலகை இரண்டை இரு முனையிலும் வைத்தால் ஒரே ஒரு முறுக்கு ஜோடிக் கம்பியில் 300 மீட்டர் வரை வீடியோ அனுப்புகிறார்கள், உங்களைப் போன்ற சின்ன ரோபோக்கள் பலவும் அப்படித்தான் ஓடுகின்றன. நாலு கேமரா, உயர்தரப் படம், பிறகு 500 மீட்டர் என்று வளர்க்கிற எண்ணம் இருந்தால் பைபருக்குப் போங்கள்.

போவதானால், ஜெல் குழாய் கேபிள் வேண்டாம், இறுக்க உறை இழை, அராமிட், பாலியூரித்தேன், மண்டபத்துக்காரருக்குச் சொன்ன அதே சேர்க்கைதான். கூடுதலாக ஒன்று, கேபிள் மூழ்கவும் கூடாது மிதக்கவும் கூடாது. அதற்காக நுரை கலந்த தோலோடு விற்கிறார்கள். வாங்கும்போது எந்தத் தண்ணீருக்கு என்று கேளுங்கள். கடல் நீரில் அந்தரத்தில் நிற்கும்படி செய்த 8 மில்லிமீட்டர் கேபிள் 150 மீட்டர், அணையின் நல்ல தண்ணீரில் மொத்தமாக ஏறக்குறைய 200 கிராம் எடையோடு கீழே இழுக்கும். உங்கள் ரோபோ எத்தனை கிலோ என்று எழுதவில்லை, சின்னதென்றால் அந்த 200 கிராம் அதன் மூக்கை ஒரு பக்கமாகத் திருப்பிவிடும்.

சுருள் உருளை சுற்றும்போது இழை முறுக்கிக்கொள்ளாமல் இருக்க ஒரு சுழல் இணைப்பு வேண்டும், அது விலை கூடியது. குறுக்கு வழி சொல்கிறேன்: பைபரில் வரும் வெளிச்சத்தை ஈதர்நெட்டாக மாற்றுகிற மீடியா கன்வெர்ட்டரையும் ஒரு சின்ன வைஃபை ரூட்டரையும் பேட்டரியோடு உருளைக்கு உள்ளேயே வைத்துக் கட்டிவிடுங்கள். உருளையோடு சேர்ந்து அதுவும் சுற்றட்டும், லேப்டாப் வைஃபையில் பிடித்துக்கொள்ளும். ரோபோவின் உடம்புக்குள் கேபிள் நுழைகிற இடத்தில் எபாக்சி ஊற்றுவீர்கள், அப்போது வெளித் தோலின் மேல் மட்டும் ஊற்றினால் போதாது. தோலை உரித்து, அராமிட் நூலைப் பிரித்துத் தனியாகக் கட்டிவிட்டு, ஒவ்வோர் இழையின் உறையையும் எபாக்சி நேராகத் தொடும்படி ஊற்ற வேண்டும். இல்லையென்றால் விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் நூல் வழியாகத் தண்ணீர் உள்ளே வரும். அணையில் இறக்க நீர்வளத் துறையிடம் எழுத்து அனுமதி வாங்கிவிட்டீர்களா?

200 அடிக் கிணற்றில் நீர்மட்டம் பார்க்கிற கருவிக்குப் பைபர் இறக்கலாமா?
– விவசாயி, பல்லடம்

200 அடி என்றால் 60 மீட்டர்தான், நல்ல தோல் போட்ட செப்புக் கம்பியே போதும், பைபர் வீண் செலவு. செங்குத்தாகத் தொங்கவிட்டால் ஜெல் கேபிளில் ஜெல் மெல்லக் கீழே இறங்கித் தேங்கும் என்பது வேறு.

நாடு விட்டு நாடு போகிற கேபிள் பனைமரம் பருமன் இருக்குமா? சுறா கடிக்கும் என்கிறார்களே?
– ஆசிரியர், காரைக்குடி

ஆழ்கடலில் அது தோட்டத்து ஓஸ் பருமன்தான், இரண்டு சென்டிமீட்டர் சொச்சம். நடுவில் முடி போன்ற இழைகள், சுற்றி எஃகுக் கம்பி, செப்புக் குழாய், வெளியே பாலிஎத்திலீன், அவ்வளவே. வேடிக்கை என்னவென்றால் கரையை நெருங்க நெருங்கத்தான் அது தடிக்கும். ஆழம் குறைந்தால் வலையும் நங்கூரமும் எட்டிவிடுமே, அதனால் ஒரு சுற்று இரும்புக் கம்பி, இன்னும் கிட்டே வந்தால் இரண்டு சுற்று. ஐந்து சென்டிமீட்டர்வரை போகும், கலப்பை மாதிரி ஒரு கருவியால் கடல் தரையை உழுது ஒரு மீட்டர் ஆழத்தில் புதைக்கவும் செய்வார்கள். சென்னையிலிருந்து அந்தமான், நிக்கோபார் தீவுகளுக்குப் போகிற சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிள் 2020 ஆகஸ்ட் 10-ல் திறக்கப்பட்டது, செலவு 1,224 கோடி ரூபாய். தூத்துக்குடியிலிருந்து கொழும்பை அடுத்த கல்கிசைக்கு 2006-லேயே ஒரு கேபிள் போட்டார்கள்.

சுறா கடித்தது உண்மை. 1985-ல் கேனரி தீவுகளுக்கு நடுவே போட்ட ஒரு சோதனைக் கேபிளில் சுறாப் பல் சிக்கியிருந்தது. ஆனால் சுறாவைக் காரணம் காட்டுவது, பரீட்சையில் தோற்றதற்குப் பேனாவைக் குறை சொல்வது மாதிரி. உலகம் முழுவதும் வருஷத்துக்கு 150 முதல் 200 பழுதுகள் வருகின்றன, அவற்றில் பத்துக்கு ஏழெட்டு மீன்பிடி வலையாலும் கப்பல் நங்கூரத்தாலும்தான். 2007-ல் வியட்நாமில் கடலடியில் கிடக்கும் பழைய செப்புக் கேபிளை எடுத்து விற்கிறோம் என்று கிளம்பியவர்கள், ஓடிக்கொண்டிருந்த கேபிளைப் பல கிலோமீட்டர் நீளத்துக்கு அறுத்துக் கரையில் குவித்துவிட்டார்கள். உள்ளே பைபர், காய்லாங்கடையில் அதற்கு என்ன விலை கிடைத்திருக்கும்!

ஐயா, எங்கள் படகு வலையில் ஒருமுறை கருப்பாகக் கனமான கேபிள் ஒன்று மாட்டியது. இழுத்துப் பார்த்தோம், வரவில்லை. இப்படி மாட்டினால் என்ன செய்ய வேண்டும்?
– விசைப்படகுத் தொழிலாளி, காசிமேடு

இழுக்கவே இழுக்காதீர்கள். அண்ணே, அந்தக் கேபிளை வெட்டவும் நினைக்காதீர்கள். நெடுந்தூரக் கேபிளில் வழி நெடுக வெளிச்சத்தைப் பெருக்குகிற கருவிகள் உண்டு, அவற்றுக்காக உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரம் ஓடும், சிலவற்றில் பத்தாயிரம் வோல்ட்டையும் தாண்டும். ஈரக் கையும் இரும்பு வெட்டுக் கத்தியும் இருக்கிற படகில் அதோடு விளையாட வேண்டாம். பாதி தூக்கிவிட்ட கேபிள் பாரத்தில் படகு சாயவும் சாயும்.

எஞ்சினைக் குறைத்து, முடிந்தால் வலையைத் தளர்த்திக் கழற்றப் பாருங்கள். வரவில்லை என்றால் உங்கள் வலையையோ கயிற்றையோ வெட்டி விட்டுவிடுங்கள். ஜிபிஎஸ் கருவியில் அந்த இடத்தைப் பதிந்து, செல்போனில் படம் எடுத்து, 1554 எண்ணில் கடலோரக் காவல்படைக்குச் சொல்லுங்கள். வலை போன நஷ்டம் யார் தலையில் என்று கேட்பீர்கள். 1884-ல் பாரிஸில் போட்ட ஒப்பந்தத்திலும், 1982-ம் வருஷத்து ஐ.நா. கடல் சட்டத்தின் 115-வது பிரிவிலும் இது இருக்கிறது: முன்னெச்சரிக்கையோடு நடந்துகொண்ட படகுக்காரர், கேபிளைக் காப்பாற்றுவதற்காகத் தன் வலையையோ நங்கூரத்தையோ விட்டுக்கொடுத்தார் என்று நிரூபித்தால், கேபிள் சொந்தக்காரர் ஈடு கொடுக்க வேண்டும். பாரிஸ் ஒப்பந்தம், கரை சேர்ந்து 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளிடம் சொல்லச் சொல்கிறது. அதனால் சங்கத்தில் சொல்லிவிட்டு அன்றே மீன்வளத் துறை அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள், கூட வந்த ஆட்களின் கையெழுத்தோடு. வரைபடத்தில் கேபிள் கோடு போட்டிருந்த இடத்திலேயே போய் வலையை இறக்கினீர்கள் என்றால் மட்டும் கேட்க வாய் வராது.

கழிமுகத்துக்குக் குறுக்கே போட்ட கேபிள் அறுந்துவிட்டது. தண்ணீருக்குள்ளேயே ஒட்டுப் போட்டு எம்-சீல் அப்பிவிடலாம் என்கிறார் கேபிள்காரர்.
– இறால் பண்ணையாளர், வேதாரண்யம்

இதே வேலையை நானே செய்து அசிங்கப்பட்டிருக்கிறேன். பல வருஷத்துக்கு முன் ஒரு பண்ணையில், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் முப்பது மீட்டர்தானே என்று, வீட்டு இன்டர்நெட்டுக்கு இழுக்கிற தட்டையான டிராப் கேபிளைத் தண்ணீரோடு போட்டேன். நடுவில் ஒரு ஒட்டு, மேலே டேப், அதன் மேலே எம்-சீல். நாலு மாதம் ஓடியது. பிறகு ஒரு நாள் படம் வரவில்லை. கரையிலிருந்த பெட்டியைத் திறந்தால் அடியில் தண்ணீர் நிற்கிறது. மழையும் இல்லை, பெட்டியில் ஓட்டையும் இல்லை. உற்றுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, கேபிளின் வெட்டு முனையில் ஒரு சொட்டு உருண்டு திரண்டு, விழுந்து, அடுத்தது திரள்கிறது. எங்கோ வாய்க்கால் நடுவே தோலில் விழுந்த கீறலில் நுழைந்த உப்புத் தண்ணீர் கேபிளுக்கு உள்ளேயே நடந்து வந்து பெட்டியைச் சேர்ந்திருக்கிறது. கன்வெர்ட்டரின் செப்புக் கால்களெல்லாம் பச்சை பூத்து, மேலே வெள்ளையாக உப்புப் படிந்து கிடந்தது.

அதனால் கேபிள் வாங்கும்போது, நீளவாக்கில் தண்ணீர் ஓடாமல் தடுக்கிற ஏற்பாடு இருக்கிறதா என்று கேளுங்கள். ஜெல் இல்லாத கேபிள்களில் தண்ணீர் பட்டால் உப்பி அடைத்துக்கொள்கிற நூல் போட்டிருப்பார்கள், குழந்தைகள் டயப்பரில் இருக்கிற அதே சமாச்சாரம். அது நல்ல தண்ணீரில் நன்றாக உப்பும், உப்புத் தண்ணீரில் மிகக் குறைவாகத்தான் உப்பும். கடல் நீருக்கென்று சோதித்த வகையா என்று தனியாகக் கேட்க வேண்டும்.

உங்கள் அறுந்த கேபிளுக்கு வருவோம். கழிமுகம் குறுக்கே எவ்வளவு தூரம் என்று எழுதவில்லை, நூறு இருநூறு மீட்டர் என்றால் ஒட்டே வேண்டாம், புதுக் கேபிளை ஒரே நீளமாகப் போட்டுவிடுங்கள், ஒட்டுப் பெட்டியின் விலையும் ஸ்ப்ளைசிங் கூலியும், அதாவது இழைகளை ஒட்டுகிற கூலியும், சேர்ந்தால் கிட்டத்தட்ட அதே ஆகிவிடும். ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றால் இழைக்குள் வெளிச்சத்தை அனுப்பித் திரும்பி வருவதை அளக்கிற ஓடிடிஆர் கருவி வைத்து அறுந்த இடம் எத்தனையாவது மீட்டர் என்று பார்த்து, இரண்டு முனையையும் படகில் தூக்கி, துடைத்துக் காயவைத்து, நிழலில் வைத்து ஸ்ப்ளைஸ் செய்ய வேண்டும். அதற்கு இரண்டு பக்கமும் தளர்வு வேண்டும், இருக்கிறதா? இல்லையென்றால் நடுவில் ஒரு புதுத் துண்டு, இரண்டு ஒட்டு. ஒட்டுப் பெட்டியை ஆழத்தில் விடாமல் ஒரு கம்பம் நட்டு நீர்மட்டத்துக்கு மேலே கட்டுங்கள், கேபிள் கீழிருந்து மேலாக நுழையட்டும். எம்-சீலைத் தண்ணீர்த் தொட்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.